ஒரே ஷெட்டுக்கு இரண்டு கார்கள்

அறுபத்து மூன்று வயதில் ரின்ஸ்கே இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டபோது ஹாலந்தின் வடக்குக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. மாப்பிள்ளை கெர்லோஃப், டொக்கும் நகரச் சந்தையில் முப்பது வருடம் சீஸ் விற்றவர். மனைவி போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. புதன்கிழமை தவறாமல் ரின்ஸ்கே அவர் கடைக்கு வந்து, கிராம்பும் சீரகமும் போட்ட எங்கள் ஊர்ச் சீஸை வாங்கிப் போவார். தனியாக வாழும் ஒரு பெண்மணியால் வாரத்துக்கு ஒன்றரைக் கிலோ சீஸ் தின்ன முடியாது என்பது கெர்லோஃபுக்கு உறைக்கத்தான் இரண்டு வருடம் பிடித்தது.

சிக்கல் கார்களில் வந்தது. ரின்ஸ்கேயின் வீடு கடலணையின் அடிவாரத்தில் இருக்கிறது. வடமேற்குக் காற்று அணையைத் தாண்டி உப்பை அள்ளிக்கொண்டு வந்து கூரையில் தெளிக்கும் இடம். அங்கே வெளியில் நிற்கிற கார் இரண்டு குளிர்காலம் தாங்கும், மூன்றாவதில் கதவின் அடித் துருவில் விரல் நுழையும். வீட்டோடு ஒரு ஷெட் உண்டு. அதில் ஒரு கார்தான் நிற்கும். அணைக்குப் பக்கத்தில் புதிதாக எதுவும் கட்ட அனுமதி இல்லை. ஊரிலிருந்த மற்ற கொட்டகைகளிலெல்லாம் விதை உருளைக்கிழங்கு நிறைந்திருந்தது. இவர்களிடமோ இரண்டு கார். இரண்டுமே விற்க மனசு வராத கார்.

ரின்ஸ்கேயுடையது 1972-ஆம் வருடத்து டாஃப், எங்கள் நாட்டிலேயே செய்த கார். மஞ்சள் நிறம், இரண்டே கதவு, வட்டக் கண் விளக்கு. கெர்லோஃபுடையது 1991-இல் வாங்கிய வோல்வோ. கருநீலம், பின்பக்கம் நீளமாக இருக்கும் வேகன். நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது.

என் பெயர் டௌட்சன். வண்டிகளுக்கு எஃப்.சி. பார்ப்பது என் வேலை. டொக்கும் போகிற சாலையில் ஒரு சின்ன காரேஜில் இருபத்தேழு வருடமாகச் சுத்தியும் டார்ச்சுமாகக் கார்களின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னால் பிரியமான வண்டியை இழந்தவர்கள் மூன்று ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் இன்னும் எனக்கு வணக்கம் சொல்வதில்லை. அந்த வருடம் செப்டம்பரில் ஒரு காலை, மஞ்சள் காரும் நீலக் காரும் ஒன்றன் பின் ஒன்றாக எங்கள் வாசலில் வந்து நின்றன.

"பொண்ணே," என்றார் கெர்லோஃப். எனக்கு வயது நாற்பத்தொன்பது. "ரெண்டு நோயாளி கொண்டாந்திருக்கோம். ஒண்ணுதான் வீட்டுக்குத் திரும்பும்."

"நோயாளி உன் வண்டி. என்னுது விருந்தாளி," என்று கதவைச் சாத்தினார் ரின்ஸ்கே. பிஸ்கட் டப்பா மூடுகிற மாதிரி ஒரு சத்தம்.

"கேட்டியா சத்தத்தை? தையல் மிஷினுக்குச் சக்கரம் மாட்டி விட்டிருக்காங்க."

"உன்னுது மட்டும் என்ன, சீஸ் அலமாரிக்குச் சக்கரம். சரி, வம்பு எதுக்கு? உன் ஸ்வீடன்காரங்க என் டாஃப்காரங்களைத் தேடி வந்துதானே அவங்க கார் ஃபேக்டரியையே வாங்கினாங்க? பொண்ணு கேட்டு வந்தது நீங்கதான்."

கெர்லோஃபுக்குக் காது மட்டும் சிவந்தது. இரண்டு பேரும் என்னிடம் விஷயத்தைச் சொன்னார்கள். எந்தக் கார் வீட்டில் இருப்பது, எது போவது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் சொல்வதே முடிவு. அதற்கு இரண்டு பேரும் கையடித்து ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னை ஏன் இதுல இழுக்கறீங்க? தோத்தவங்க என்னைத் திட்டவா?"

"உன்னைத்தான் ஏற்கெனவே ஊரே திட்டுதே," என்றார் ரின்ஸ்கே. "இன்னும் ரெண்டு பேர் கூடுறதுல உனக்கு என்ன வந்துச்சு?"

முதலில் வோல்வோவை லிஃப்டில் ஏற்றினேன். வழக்கமாக இந்த வயதுக் காரின் அடியைத் தட்டும்போது எங்காவது ஓர் இடத்தில் சுத்தி மெத்தென்று இறங்கும். அங்கேதான் துரு. இதில் முன்னாலிருந்து பின்வரை ஒரே மாதிரி, கணீரென்று கேட்டது. வருடா வருடம் குளிர் தொடங்குமுன் அவரே காருக்குக் கீழே படுத்து எண்ணெய் பூசியிருக்கிறார். எஞ்சினைத் திறந்தால் கை நுழைய எல்லாப் பக்கமும் இடம் இருந்தது. எந்தப் பாகத்தை எடுக்கவும் வேறெதையும் கழற்ற வேண்டியதில்லை. இப்போது வருகிற கார்களில் விளக்கு மாற்ற நான் முழங்கையைக் கிழித்துக்கொள்கிறேன். இந்தக் காரை வரைந்தவர் ஒருநாளாவது கையில் ஸ்பேனர் பிடித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பின்கதவைத் தூக்கினால் கிராம்பு, சீரக வாசனை. இருபது வருடச் சீஸ் அந்தத் தரைவிரிப்பில் ஊறியிருந்தது.

அடுத்து டாஃப். அதன் அடியைப் பார்ப்பது தனி சந்தோஷம். அதற்குக் கியரே கிடையாது. முன்னால் இரண்டு சிலிண்டர் மட்டும் உள்ள, காற்றிலேயே குளிர்கிற எஞ்சின். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் ஊற்ற வேண்டாம், உறையவும் ஒன்றுமில்லை. பின்னால் இரண்டு அகலமான ரப்பர் பெல்ட். கூம்பு மாதிரியான சக்கரங்கள் விரிந்து சுருங்க, பெல்ட் ஏறியும் இறங்கியும் தானே வேகத்தைச் சரிசெய்துகொள்ளும். இதைக் கண்டுபிடித்தவரின் மூளையை நினைத்து எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும். அவ்வளவு எளிது, அவ்வளவு துணிச்சல். சீட்டுகளுக்கு நடுவில் ஒரு சின்ன நெம்புகோல். முன்னே தள்ளினால் முன்னால் போகும், பின்னே இழுத்தால் பின்னால் போகும். முன்னால் எவ்வளவு வேகமோ பின்னாலும் அவ்வளவு வேகம். எங்கள் நாட்டில் இந்தக் காரைப் பின்னோக்கி ஓட்டிப் பந்தயம்கூட நடத்தினார்கள். அதை நான் என் தாளில் எழுதவில்லை. பின்னால் வேகமாகப் போய் யார் என்ன சாதிக்கப் போகிறார்கள்?

பிறகு இரண்டையும் ஒரே சாலையில், படகுத்துறை வரை ஓட்டிப் பார்த்தேன். டாஃபில் எஞ்சின் சத்தம் ஓர் உயரத்துக்கு ஏறி அங்கேயே நிற்கிறது. அதற்குப் பிறகு சாலைதான் வேகம் எடுக்கிறது. கால்வாய் ஓரத்துக் கொக்குகள் திரும்பிப் பார்த்தன. சைக்கிளில் போன ஒருவர் தொப்பியைத் தூக்கினார். இருபது நிமிடமும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். வண்டியைத் திருப்பி நிறுத்தியபோது கன்னம் வலித்தது.

வோல்வோவில் சிரிப்பு வரவில்லை. நீளமான கியர் கம்பி, பெரிய அண்டாவில் கரண்டி போடுகிற மாதிரி நிதானமாக நகர்ந்தது. சீட் முதுகைப் பிடித்துத் தாங்கியது. ஹீட்டரைப் போட்டதும் ரொட்டி அடுப்பைத் திறந்த மாதிரி வெப்பம். அவ்வளவு நீள வண்டி, ஒரு சின்னக் குதிரையைப் போல ஒரே வீச்சில் திரும்பியது. படகுத்துறையில் திருப்பியவள் ஊருக்கு வராமல் இன்னும் பதினைந்து கிலோமீட்டர் கூடுதலாகப் போய்விட்டு வந்தேன். ஏன் என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

வந்ததும் தாளில் ஐந்து வரி எழுதினேன். இரும்பு, பிரேக், சாமான் ஏற்றும் வசதி, உதிரி பாகம், விபத்தில் பாதுகாப்பு. ஐந்தில் நான்கு வோல்வோவுக்கு. பிரேக் மட்டும் டாஃபுக்கு, அதுவும் போன மாதம்தான் மாற்றியிருந்தார்கள் என்பதால்.

கெர்லோஃப் தாளை வாங்கிப் படித்தார். முகத்தில் சந்தோஷம் வந்தது. உடனே அதை மறைக்கப் பார்த்தார். ரின்ஸ்கே கண்ணாடியை மாட்டி மெதுவாகப் படித்தார்.

"எழுத்து அழகா இருக்கு," என்றார். "சரி. இனிமே கெர்லோஃப் ஓட்டட்டும். நான் பக்கத்துல உட்கார்ந்து வேடிக்கை பார்க்கறேன். வாழ்க்கையில ஒரு தடவையாவது வேடிக்கை பார்க்கணும்ல?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ரின்ஸ்கேக்கு மூன்று வயதில் போலியோ வந்தது. இடது கால் மெலிந்து போய், இன்றும் கம்பி வைத்த பூட்ஸ் போட்டுத்தான் நடக்கிறார். கிளட்ச் மிதிக்க முடியாது. டாஃபில் கிளட்ச் இல்லை, வோல்வோவில் உண்டு. ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் என் தாளில் கார்களைப் பற்றி ஐந்து வரிக்குத்தான் இடம் இருந்தது.

டாஃபை வாங்க அஸ்ஸென் நகரத்திலிருந்து பழைய கார் சேர்க்கும் ஒருவர் முன்வந்தார். அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை எடுத்துப்போக வருவதாகப் பேச்சு.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, என் அண்ணன் வீபேயின் ஆடுகளை உள்ளே கொண்டுவரும் நாள். அணைக்கு வெளியே கடல் பக்கத்தில் உப்புப் புல்வெளி இருக்கிறது. கோடை முழுதும் ஆடுகள் அங்கே மேயும். இலையுதிர்காலப் புயல் வருமுன் அவற்றை அணைக்கு இந்தப் பக்கம் ஏற்றிவிட வேண்டும். வீபே எப்போதும் கடைசி நாள்வரை இழுத்தடிப்பான். அன்றைக்கே காற்று வடமேற்குக்குத் திரும்பியிருந்தது, பௌர்ணமிக் கடல் ஏற்றம் வேறு. வானிலை அறிக்கையில் இரண்டு தடவை சொன்னார்கள்.

நானும் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். நான் அணை மேல் கேட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். கெர்லோஃப் தன் வோல்வோவில் டிரெய்லரை மாட்டி, நொண்டுகிற ஆடுகளையும் கிழ ஆடுகளையும் ஏற்றிக்கொண்டிருந்தார். வீபே புல்வெளியின் கடைசிக்குப் போயிருந்தான். அங்கே போக ஒரே பாதைதான். சிமெண்ட் பலகைகள் பதித்தது, இரண்டு மீட்டர் அகலம், ஆயிரத்து முந்நூறு மீட்டர் நீளம், இருபுறமும் சேற்று வாய்க்கால். பாதையின் முடிவில் வண்டி திருப்ப ஒரு சதுர மேடை உண்டு.

கடைசி ஆறு ஆடுகள் தாமாகவே ஓடி வந்து கேட்டுக்குள் நுழைந்தன. பின்னால் ஆளைக் காணோம். என் போன் அடித்தது.

"டௌட்சன், கால் போச்சு," என்றான் வீபே. "வாய்க்கால் குழியில விட்டுட்டேன். எழுந்து நிக்க முடியல."

"எங்கே இருக்கே?"

"மேடைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். மேடை தெரியல. தண்ணி ஏறிடுச்சு."

அவசர எண்ணுக்குப் போன் செய்தேன். ஹெலிகாப்டரைக் கிளப்புகிறோம், இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். நான் கடலைப் பார்த்தேன். புல்வெளியின் நடுவில் பாதை கொஞ்சம் தாழ்வாகப் போகும் இடத்தில் ஏற்கெனவே வெள்ளிக்கோடு மாதிரி தண்ணீர் மின்னியது. இருபத்தைந்து நிமிடம் என்பது அன்றைக்கு இல்லாத ஒன்று.

வீபே சொன்னதைச் சொன்னதும் கெர்லோஃப் டிரெய்லரின் கொக்கியைக் கழற்ற ஓடினார். பதினான்கு ஆட்டோடு டிரெய்லர் அணைச் சரிவில் நின்றது. கல் வைக்காமல் கழற்றினால் உருண்டு கீழே போகும். அவர் கல் தேடிக்கொண்டிருந்தார். நான் ஓட ஆரம்பித்தேன்.

பின்னால் ஹாரன் சத்தம். எங்களுக்குப் பட்டாணி சூப் கொண்டுவந்த ரின்ஸ்கே, கார் கண்ணாடியை இறக்கினார். பக்கத்து சீட்டில் சூப் பாத்திரம் போர்வையில் சுற்றி இருந்தது.

"ஓடிப்போய் என்னடி பண்ணப் போறே? நூத்துப் பத்து கிலோ ஆளைத் தோள்ல தூக்கிட்டு வருவியா? இதைப் பிடி."

சூப் பாத்திரத்தை என் கையில் திணித்தார். மறுநொடி மஞ்சள் கார் சரிவில் இறங்கிப் பாதையில் போய்க்கொண்டிருந்தது. சூடான பாத்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் அணை மேல் நின்றேன். கெர்லோஃப் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"ரின்ஸ்கேவா? ரின்ஸ்கேவா போறது? அங்க மேடை முழுகிடுச்சுன்னு சொன்னியே! எப்படித் திரும்புவா?"

"திரும்ப மாட்டாங்க," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கார் பாதையின் கடைசியில் நின்றது. ஒரு புள்ளி அளவுக்கு வீபே தவழ்ந்து போவதும் கதவு திறப்பதும் தெரிந்தன. என் எண்ணமெல்லாம் பெல்ட்டில் இருந்தது. நான் அதன் வயிற்றைப் பார்த்தவள். அந்த இரண்டு ரப்பர் பட்டைகளும் காரின் அடியில் திறந்தபடி ஓடுகின்றன. நனைந்தால் வழுக்கும். வழுக்கினால் எஞ்சின் கத்தும், சக்கரம் நகராது.

கதவு சாத்தியது. ஒரு மூச்சு விடும் நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அந்தக் கார் பின்பக்கமாக எங்களை நோக்கிப் புறப்பட்டது.

நான் எத்தனையோ வண்டி ஓட்டியிருக்கிறேன். பின்னால் ஓட்டுவது என்றால் எல்லாரையும் போல மெதுவாக, நெளிந்து நெளிந்துதான். ரின்ஸ்கே வந்தது அப்படி அல்ல. எஞ்சின் சத்தம் ஏறி ஓர் இடத்தில் நின்றது. அந்தச் சத்தத்தின் மீது கார் நூல் பிடித்த மாதிரி வந்தது. மணிக்கு அறுபது கிலோமீட்டராவது இருக்கும். இரண்டு மீட்டர் பாதை, இருபுறமும் வாய்க்கால், பக்கவாட்டில் காற்று. மஞ்சள் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. கெர்லோஃப் என் கையைப் பிடித்திருந்தார். மறுநாள் பார்த்தபோது அங்கே ஐந்து விரல் தடம் இருந்தது.

தாழ்வான இடத்தில் தண்ணீர் இரண்டு பக்கமும் சிறகாக எழுந்தது. நான் பயந்தது நடந்தது. எஞ்சின் கிரீச்சிட்டது, கார் தளர்ந்தது, கிட்டத்தட்ட நின்றே போனது. வேறு யாராக இருந்தாலும் பயத்தில் இன்னும் அழுத்தியிருப்பார்கள். ரின்ஸ்கே காலை எடுத்தார். சத்தம் அடங்கியது. பெல்ட் பிடிக்கும்வரை காத்திருந்து, முட்டை மேல் கால் வைப்பது போல மறுபடி மெல்ல அழுத்தினார். கார் நகர்ந்தது. கொஞ்சம், இன்னும் கொஞ்சம். தண்ணீரை விட்டு வெளியே வந்தது.

அணைச் சரிவின் அடியில் வந்து ஈரப் பெல்ட் கைவிட்டது. அதற்கு மேல் ஏற மாட்டேன் என்றது. பாத்திரத்தைப் புல்லில் வைத்துவிட்டு நானும் கெர்லோஃபும் இறங்கி ஓடி, முன்பக்கம் கை வைத்துத் தள்ளினோம். ஆட்களை விட்டால் எழுநூற்றுச் சொச்சம் கிலோதான் அந்தக் கார். இரண்டு பேர் தள்ளி மேலே ஏற்றிவிட்டோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் முழங்காலுக்குள் தலையைப் புதைத்து உட்கார்ந்திருந்தான்.

"தலையைத் தூக்கலாமா?" என்றான்.

"இப்போ தூக்கு," என்றார் ரின்ஸ்கே. பிறகு எங்களிடம், "பின் கண்ணாடியை மறைச்சுக்கிட்டே இருந்தான். 'குனிடா, இல்லேன்னா வாய்க்கால்ல போயிடுவோம்'னு சொன்னேன். அப்போ குனிஞ்சவன்."

கெர்லோஃப் கார்க் கதவைத் திறந்து மனைவியின் ஸ்டீயரிங் பிடித்த கையை ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார். அவை அப்படியே மடங்கி இறுகியிருந்தன.

ஹெலிகாப்டரைத் திருப்பி அனுப்பச் சொன்னோம். ஆளை நகர்த்த முடிந்தால் நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது சீக்கிரம் என்றார்கள். அங்கேதான் வோல்வோவின் முறை வந்தது. அதற்குள் டிரெய்லர் கல் வைத்துக் கழன்றிருந்தது. பின்சீட்டை மடித்ததும் ஓர் அறை மாதிரி இடம். வீபே ஒரு மீட்டர் தொண்ணூற்று நான்கு. ஆறுபேர் உட்காரும் இந்தக் காலத்துக் கார்களில் அவனைக் குறுக்கே மடித்துத்தான் வைத்திருக்க வேண்டும். இதில் கம்பளி விரித்துப் படுக்கவைத்து, நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டேன். ஹீட்டர் மூன்று நிமிடத்தில் அவன் ஈரச் சட்டையிலிருந்து ஆவி கிளப்பியது. மேடு பள்ளமெல்லாம் எங்கோ கீழே, தூரத்தில் நடக்கிற மாதிரி இருந்தது. லேவார்டன் ஆஸ்பத்திரி வரை அவன் ஒரு தடவைகூட முனகவில்லை.

பாதி வழியில், "டௌட்சன்," என்றான்.

"வலிக்குதா?"

"இல்ல. பசிக்குது. இந்த வண்டி சீஸ் வாசனையா அடிக்குது."

கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. அவனை உள்ளே கொண்டுபோன பிறகு வராந்தாவில் நானும் கெர்லோஃபும் உட்கார்ந்திருந்தோம். மிஷினில் வாங்கிய காபி கையில் ஆறிப்போயிருந்தது. அவர் போனை எடுத்து, கண்ணாடியைத் தேடி, ஓர் எண்ணை அழுத்தினார்.

"வணக்கம், கெர்லோஃப் பேசறேன். சனிக்கிழமை வர வேணாங்க… இல்ல இல்ல, விலை விஷயம் இல்ல. கூடுதலாக் கொடுத்தாலும் வேணாம்… இல்லங்க, கேளுங்க. அது என் பொண்டாட்டி வண்டி. அதை விக்கறதுக்கு நான் யாரு?"

போனை வைத்தார். "பொண்ணே, உன் தாளு ஒண்ணும் தப்பில்ல," என்றார். "ஆனா நான் அதை சந்தோஷமாப் படிச்சேன் பாரு, அதுதான் தப்பு."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். என் தீர்ப்பை வாபஸ் வாங்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். ரின்ஸ்கே காபியும், மேலே ரோஜா நிறச் சர்க்கரை பூசிய கேக்கும் கொண்டுவந்து வைத்தார். நான் வாய் திறக்குமுன் அவரே ஆரம்பித்தார்.

"எனக்கு இருபத்து நாலு வயசு. டிரைவிங் பள்ளிக்கூடத்துல ரெண்டு பேர் என் காலைப் பார்த்துட்டு, 'வீட்டுக்காரர் வந்ததும் அவரை ஓட்டச் சொல்லும்மா'ன்னாங்க. மூணாவது ஆள் ஒரு டாஃப் வெச்சிருந்தார். காலைப் பார்க்கவேயில்ல. 'நெம்புகோலைத் தள்ளு, மிதி'ன்னார். லைசென்ஸ் வந்த மறுநாள் இந்த வண்டியை எடுத்துக்கிட்டு அந்தப் பெரிய கடலணைச் சாலையில தனியாப் போனேன். முப்பது கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் தண்ணி. அந்தக் கடைசியில ஒரு வேலையும் இல்ல. ஒரு காபி குடிச்சேன், திரும்பி வந்தேன். அவ்வளவுதான்."

"பின்னால ஓட்ட எப்போ கத்துக்கிட்டீங்க?"

"முதல் வருஷமே. நான் வேலை பார்த்த பால் சங்கத்துல பசங்க, 'ரின்ஸ்கேக்கு நேரா நடக்கவே வராது'ன்னு கிண்டல் பண்ணுவானுங்க. சம்பள நாள்ல கேட்டிலிருந்து தேவாலயம் வரைக்கும் பின்பக்கமாவே ஓட்டிக் காட்டினேன். அப்புறம் பேச்சு நின்னுடுச்சு."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றேன்.

"நீ காரைத்தானே கேட்டே? என்னைக் கேக்கலையே." கேக்கை என் பக்கம் தள்ளினார். குரலில் கோபம் இல்லை. "அதுவும் இல்லாம, புதுசாக் கல்யாணம் ஆனவ. விட்டுக்கொடுக்கறது நல்லா இருக்கும்னு நெனச்சேன். ரெண்டு வாரம் நல்லாவே இல்ல."

அப்போது நானும் என் உண்மையைச் சொல்லிவிட்டேன். அன்றைக்குப் படகுத்துறையிலிருந்து ஊருக்குத் திரும்பாமல் பதினைந்து கிலோமீட்டர் ஏன் கூடுதலாகப் போனேன் என்பதை. இருபத்தேழு வருடமாக மற்றவர்கள் கார்களின் குறையைத் தேடியவளுக்கு, குறை தேடக் கை வராத ஒரு கார் கிடைத்திருந்தது. தாளில் நான்கு மதிப்பெண் போட்டபோது, அது இந்த ஊரிலேயே, நான் பார்க்கிற தூரத்திலேயே இருக்க வேண்டும் என்ற ஆசையும் பேனாவைத் தள்ளியிருக்கிறது.

கெர்லோஃப் வாயைத் திறந்தபடி கேட்டார். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"பார்த்தியா ரின்ஸ்கே? பஞ்சாயத்து பண்ண வந்தவ பந்தியில உக்காந்துட்டா!"

"வோல்வோவை எனக்குக் கொடுங்க. என் வீட்டு ஷெட்டைக் காலி பண்ணிடறேன்," என்றேன். "எண்ணெய் நானே பூசுவேன். வாசனையைப் போக்க மாட்டேன்."

அவர் சிரிப்பு நின்றது. ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தார். டாஃப் ஷெட்டுக்குள் இருந்தது. வோல்வோ வெளியே காற்றில் நின்றது. கண்ணாடியில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. எழுந்து போய், பாதிக் காபியை விட்டுவிட்டு, துணி எடுத்துத் துடைத்துவிட்டு வந்தார். பிறகுதான் சரி என்றார்.

நவம்பர் முதல் வாரம் சாவியைக் கொடுத்தார். கூடவே ஒரு நோட்டு. இருபது வருடத்தில் எந்த நாள் எந்த பல்பு மாற்றினார் என்பதுவரை அதில் இருந்தது. இப்போது அவர் டாஃபில் பக்கத்து சீட்டில் போகிறார். முழங்கால் முகவாயைத் தொடும். "சந்தைக்குப் போற கோழி மாதிரி இருக்கேன்," என்று எல்லாரிடமும் புலம்புகிறார். ஆனால் வீபேயின் கட்டுப் பிரித்த அன்று கடைத்தெருவில் யாரோ அந்தக் காரைப் பார்த்துத் தையல் மிஷின் என்று சிரிக்க, அவரோடு பத்து நிமிடம் சண்டை போட்டவரும் இவர்தான்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கெர்லோஃபிடமிருந்து போன் வரும்.

"எப்படி இருக்கா?" என்பார். என்னைக் கேட்கவில்லை.

"நல்லா இருக்கா. நேத்து அந்தப் பெரிய கடலணைச் சாலையில போயிட்டு வந்தோம்."

"ஆயில் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"சரி." வைத்துவிடுவார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, அதே நேரத்துக்கு வந்த போனில் ரின்ஸ்கேயின் குரல்.

"அடியே, ஹார்லிங்கன்ல ஒரு இரட்டைக் கட்டில் பேசி வெச்சிருக்கோம். பழசுதான், ஓக் மரம். கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகப் போகுது, இன்னும் ரெண்டு ஒத்தைக் கட்டிலைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருக்கோம். நடுவுல இருக்கற சந்துல அவர் கால் மாட்டிக்குது. என் வண்டியில ஏத்தினா வண்டியே தெரியாது. உன்னுதை இரவல் கொடு."

"தாராளமா."

"அவர் கேக்க மாட்டார், நான் கேக்கறேன். அவரை ஓட்ட விடுவியா?"

அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். ரின்ஸ்கே டாஃபை என் வாசலில் நிறுத்தினார். கெர்லோஃப் சந்தைக்குப் போகிறவர் மாதிரி சுத்தமான சட்டை போட்டு, முடியை வாரியிருந்தார். நான் சாவியை நீட்டினேன். வாங்கி, காரை ஒரு சுற்று நடந்து பார்த்தார். குனிந்து அடியில் விரலை ஓட்டி, எண்ணெய்ப் பசையை முகர்ந்தார். உள்ளே உட்கார்ந்து சீட்டை இரண்டு பல் பின்னுக்குத் தள்ளினார். ரின்ஸ்கே முன்னால் ஏறிக்கொண்டார், நான் பின்சீட்டில்.

"பெல்ட் போட்டாச்சா எல்லாரும்?" என்றார் கெர்லோஃப். கம்பியை முதல் கியருக்குத் தள்ளி, சாலையில் இருபுறமும் பார்த்துவிட்டு, ஹார்லிங்கன் பக்கம் திருப்பினார்.